மூன்று தட்டு

இருபது நாளாகியும் அந்தச் சுவர் ஆறவில்லை. நான்கே விரல் இருந்த இடது கையை சார்ஜென்ட் அதன்மேல் வைத்தார். காய்ச்சல்காரன் நெற்றிபோல் சுட்டது. உப்புக்காற்றும் ஈரச் சிமென்ட் வாடையும் கலந்து, வெடிச் சோதனைக்காகத் தீவில் எழுப்பிய அந்தக் கூடம் யாரோ மூச்சுவிடும் அறைபோல் புழுங்கியது.

சுவர் வார்க்க நிறுத்திய அடைப்புப் பலகைக்குள் கம்பி கட்ட இறங்குகிறவன், வெளியே ஏறியதும் குறடால் கம்பியில் மூன்று தட்டு தட்டுவான். அதைக் கேட்டுத்தான் கான்கிரீட் பம்பை ஓட்ட வேண்டும். இந்தச் சுவரை வார்த்த அன்று உள்ளே இறங்கியவன் அவர் மச்சினன். தட்டு கேட்கவில்லை. "பம்பை ஏத்திப்போகக் கப்பல் வருதுய்யா, ஓட்டு" என்று மேஜர் கத்தினார். சார்ஜென்ட் சுவிட்சை அழுத்தினார். இதே கையால்.

"சுவத்தை உடைச்சுப் பார்த்துடலாம் சார். அவன் அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"ஓடிப்போனவனைச் சுவத்துக்குள்ள தேடுறியா? நீந்திப் போயிருப்பான்."

"அவனுக்குத் தண்ணின்னாலே பயம் சார்."

மேஜர் சிரித்தார். "நாளைக்குச் சோதனை. ஒரு கீறல் விழுந்தாலும் உன்னையும் உள்ள வெச்சுப் பூசிடுவேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிய சார்ஜென்ட், மத்தியானம் சம்மட்டியோடு கூடத்துக்குள் வந்தார். உடையட்டும். வேலை போகட்டும். ஓங்கினார்.

டக். டக். டக்.

உள்ளிருந்து அல்ல. சுவரின் மறுபக்கத்திலிருந்து.

சுற்றி ஓடினார். சுவரில் ஆளுயரப் பள்ளம். முழங்கை, முதுகு, திறந்த வாய் எல்லாம் அச்சாகப் பதிந்திருந்தன. ஆள் இல்லை. ஈரச் சிமென்ட் காலடிகள் மேஜரின் அறைக்குப் போயின. 'போடா, அந்த ஆளை விடாதே' என்று மனம் கொக்கரித்தது.

மேஜரின் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. கோப்பையில் தேநீர் இன்னும் ஆவி விட்டது. காலடிகள் கூடத்துக்கே திரும்பியிருந்தன, கூடவே, இழுபட்ட இரண்டு குதிகால் கோடுகள்.

கூடத்தில் பள்ளம் மூடியிருந்தது. வெளியே ஒரு விரல் மட்டும். மேஜரின் மோதிரம். உள்ளே தட்டல். மூன்றல்ல. நிற்காத தட்டல்.

"இப்ப சிரிங்க சார்."

சம்மட்டியைக் கீழே போட்டார்.

தட்டல் நின்றது. அப்போதுதான் கவனித்தார். பக்கத்திலேயே இன்னொரு பள்ளம். ஈரமாக. காலியாக. அவர் உயரம். அவர் தோள்.

முதுகுக்குப் பின்னால், அவர் ஹெல்மெட்டில், குறடு.

டக்.

டக்.

டக்.

பள்ளத்தின் இடது கையில் நான்கே விரல்.