கரி வைக்காத இறைச்சி

பேஸ்மென்டில் சாமான் கெடாமல் வைக்கும் குளிரறையான கோல்ட் ரூமின் கதவைத் திறந்ததும் பழுத்த திராட்சையின் வாசம் கிளடிசின் முகத்தில் அடித்தது. வோபர்னில் இந்த வீட்டை அவர்களுக்கு விற்றவர்கள், தங்கள் இத்தாலிக்காரத் தகப்பன் செத்த கையோடு அவர் வைன் போட்ட பீப்பாய்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே அரிசி மூட்டையையும் வெங்காயத்தையும் தவிர ஒன்றும் வைத்ததில்லை. மேலே பிரிட்ஜிலும் இடமில்லை. நாளைய பயணத்துக்குப் பொரித்த ஆட்டிறைச்சிச் சட்டியை மூட்டை மேல் வைத்து, வெளியே கொண்டியைப் போட்டுவிட்டு அவள் படியேறினாள்.

குசினி மேசையில் பஸ்ரியன் மேப்பை விரித்து வைத்திருந்தான். நயாகராப் பக்கம் ஒரு பழைய வைன் கிராமம். வேலைத்தலத்தில் யாரோ சொல்லி ஆசையைக் கிளப்பிவிட்டார்கள். ஐந்து வயது நிரோஷினி அவன் மடியில் இருந்தாள்.

"அங்க முந்தி கிறேப்ஸை வெறுங்காலால மிதிச்சுத்தானாம் வைன் போட்டவை, குஞ்சு."

"Can I do it too, டடி?"

"நாளைக்கு விடியப் போவம்."

"கீழ இருக்கிற தாத்தா இப்பவே போகலாம் எண்டவர்."

பஸ்ரியன் சிரித்தான். கிளடிசுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இஞ்சேருங்கோ, இறைச்சிக்கு மேல கரித்துண்டு வைக்காமல் விட்டிட்டன்."

பொரித்த இறைச்சியை இரவில் வெளியே வைத்தால் மேலே ஒரு கரித்துண்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசத்துக்கு வரக்கூடாதது வரும். ஊரில் எல்லோரும் செய்வதுதான். மின்சார அடுப்பில் கரிக்கு எங்கே போவது?

"உமக்கென்னப்பா விசரே? பேயைக் கனடாவுக்கு ஆர் ஸ்பொன்சர் செய்தது?" என்றபடி அவன் காருக்கு காஸ் அடிக்கப் போனான்.

முன்னமே இங்கே இருப்பதற்கு ஸ்பொன்சர் எதற்கு என்று நினைத்துக்கொண்டு, கிளடிஸ் பாணுக்குப் பட்டர் பூசத் தொடங்கினாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கூரையில் அது விழும் சத்தத்துக்கும் பிரிட்ஜின் முனகலுக்கும் அடியில், ஈரச் சாக்கை யாரோ ஆறுதலாக மிதிப்பதுபோல இன்னொரு சத்தம், கீழேயிருந்து, விட்டுவிட்டுக் கேட்டது.

சளக். சளக்.

"நிரோ?"

பேஸ்மென்டுப் படியின் தலைப்பில் பிள்ளையின் சப்பாத்து இருந்தது. நாடா அவிழ்த்து, காலுறையைச் சுருட்டி உள்ளே வைத்திருந்தது. நாடா அவிழ்க்க அவளுக்கு இன்னும் தெரியாது.

கிளடிஸ் இறங்கி ஓடினாள். திராட்சை வாசம் முன்னிலும் கடுமையாக அடித்தது. கோல்ட் ரூமின் கொண்டி, அவள் போட்டபடியே இருந்தது.

சளக். சளக்.

"மாதாவே, என்ர பிள்ளை..."

இழுத்துத் திறந்தாள்.

சத்தம் நின்றது. யாரும் இல்லை. சட்டி நக்கித் துடைத்ததுபோல வெறுமையாகக் கிடந்தது. சீமெந்துத் தரையெல்லாம் ஊதாச் சாறு. அதில் காலடிகள். சின்னக் கால். பக்கத்தில் பெரிய வெறுங்கால். இரண்டும் எதிர்ச்சுவரை நோக்கிப் போயிருந்தன.

"அம்மா!" சுவருக்குள்ளேயிருந்து நிரோஷினி கூப்பிட்டாள். சந்தோசமான குரல். "நாங்கள் வந்திட்டம். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ."

கிளடிஸ் சுவரில் அறைந்தாள். கொங்கிறீட். நகம் பிய்ந்தது. அழுதபடி முழங்காலில் விழுந்தாள்.

கையருகே, சுவரோரமாக, கடைசிச் சின்னக் காலடி ஈரம் காயாமல் கிடந்தது. அதன் குதிக்கால் தடம் மட்டும் சுவருக்கு வெளியே இருந்தது.