கடைசி பேரிங்

வண்டி உதிரிபாகக் கடை மேசையில் இருந்த கடைசி சக்கரப் பேரிங்கின் மேல் இரண்டு கைகள் ஒரே நேரத்தில் விழுந்தன.

ஒன்று மிலேடிஸின் கை. இன்னொன்று... யாரோ ஒரு நெட்டையன். நனைந்த சட்டை, தேன் நிறக் கண்கள்.

"நான்தாங்க முதல்ல கேட்டேன்" என்றான் அவன்.

"நான்தான் முதல்ல தொட்டேன்!"

பானி ஊரில் அந்த மழைக்கு வேறு கடை எதுவும் திறந்திருக்கவில்லை.

"நாளைக்கு சந்தியாகோவுல என் தங்கச்சிக்குக் கல்யாணம். பொண்ணோட சேர்த்து எட்டுப் பேர் போகணும். எங்க வேனோட சக்கரம் ஊளையிடுது!" என்றாள் மிலேடிஸ்.

"மெக்கானிக் யாரு?"

"நான்தான். வீட்டு முற்றத்துலயே மாத்திடுவேன்."

அவன் சிரித்துவிட்டான். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"வந்து பாத்துட்டுச் சிரிங்க!"

"வர்றேன்... பேரிங் உங்களுக்கு, வேடிக்கை எனக்கு."

அவன் பெயர் ரூபியெல். சொன்னபடியே வந்தான். ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்த பேரிங்கைத் தட்டி எடுத்திருந்தாள் மிலேடிஸ். புதியது ஃபிரீசரில் இருந்தது. குளிர்ந்தால் ஒரு மயிரிழை சுருங்கும். சுலபமாக உள்ளே போகும்.

"பன்றிக்கறி பக்கத்துல கொண்டுபோய் வச்சிருக்கா!" என்று தலையில் அடித்துக்கொண்டார் அவள் அப்பா எலிசெயோ. அவளிடமிருந்து சுத்தியலை வாங்கி ரூபியெலிடம் நீட்டினார். "கல்யாண நேரத்துல விளையாட்டு வேண்டாம். தம்பி, நீங்க அடிங்க. ஆம்பள கை பட்டாதான் சரியா வரும்."

மிலேடிஸின் கண்கள் கலங்கின. வாங்கிக்கொள்வான்... எல்லா ஆண்களும் வாங்கிக்கொள்வார்கள்...

வாங்கிக்கொண்டான். ஒரு கணம் அவளையே பார்த்தான்.

"ஐயா, நான் பாட்டு வாத்தியார். எங்கம்மா காருக்கு ரெண்டு பேரிங்க அடிச்சே ஒடச்சவன். உள் வளையத்துல அடிக்கக் கூடாதுன்னு தெரியாம அடிச்சுட்டேன். மூணாவது வாங்கத்தான் கடைக்கே வந்தேன்." சுத்தியலை அவள் கையில் வைத்தான். "தெரிஞ்சவங்க அடிக்கட்டும்."

அப்பா ஓரடி விலகி அவளுக்கு இடம் விட்டார்.

பனி படிந்த பேரிங்கைப் பொருத்தி, அடி வெளி வளையத்தில் மட்டும் விழும்படி பழையதன் வெளி வளையத்தை மேலே வைத்து, சுற்றிச் சுற்றித் தட்டினாள். டொக்... டொக்... டொக்... டங்!

"உக்காந்துருச்சு!" என்று கத்தினான் ரூபியெல். காது தேர்ந்த காதல்லவா!

சக்கரத்தை மாட்டியதும் அப்பாவே வேனை எடுத்துக்கொண்டு ஊரை ஒரு சுற்று சுற்றினார். ஊளை இல்லை. முனகல் கூட இல்லை. இறங்கி வந்து சாவியை மகளின் உள்ளங்கையில் வைத்தார்.

"நாளைக்கு சந்தியாகோ வரைக்கும் நீதான் ஓட்டுற."

கல்யாணத்துக்குக் கூடியிருந்த சொந்தங்களோடு முற்றமே கைதட்டியது. கல்யாணப் பெண் ஓடி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

மழை தூறலாகிவிட்டது. வாசலில் ரூபியெல் தயங்கி நின்றான்.

"கடைக்குப் புது பேரிங் வந்ததும் உங்கம்மா காருக்கு நானே வந்து மாட்டித் தர்றேன்" என்றாள்.

"அது மட்டும் எனக்குப் போதாது..."

"வேற என்ன வேணுமாம்?"

"நீங்கதான். கடையில சண்டைக்கு வந்தீங்களே... அப்பவே விழுந்துட்டேன்."

கன்னத்துக் கிரீஸையும் மீறிச் சிவந்தாள் மிலேடிஸ்.

"நான் அப்ப விழலைங்க..." நிமிர்ந்து அந்தத் தேன் கண்களை நேராகப் பார்த்தாள். "சுத்தியல என் கையிலயே குடுத்தீங்க பாருங்க... அப்பதான்."