கட்டைவிரல் அதிகாரி

காலை ஒன்பது மணிக்கு எழுதி இயந்திரம் ஒன்று வந்து தெய்வசிகாமணியின் வலது கட்டைவிரலைப் பஞ்சால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவிவிட்டுப் போயிற்று. செவ்வாய்க் குடியிருப்பின் காற்று ஒதுக்கீட்டு அலுவலகத்தில் இது தினப்படி வழக்கம். எழுதிகள் என்ற இயந்திரக் குமாஸ்தாக்களே மனுக்களைப் படித்தன, முடிவெடுத்தன, ஆணையும் எழுதின. ஆணைக்குக் கீழே மனிதக் கைரேகை ஒன்று விழவேண்டும் என்ற பழைய விதியை மட்டும் நீக்க யாருக்கும் நேரமில்லை. அந்த விரலின் சொந்தக்காரருக்கு 'முதுநிலை மேற்பார்வை அலுவலர்' என்று பித்தளைப் பெயர்ப்பலகை இருந்தது.

நாற்பது பேர் இருந்த கூடத்தில் இப்போது இரண்டே பேர்: அவரும் பக்கத்து மேசை ஜெனோவாவும். ரேகை பதிக்கப் புதிதாக வந்த ரேகைமானிக் கருவிக்கு ஒரு விரல் போதுமாம். மற்ற விரல் இன்று மாலைக் கப்பலில் பூமிக்குத் திரும்பவேண்டும்.

"உங்களத்தான் சார் வச்சுக்கும். உங்க விரல்ல வேர்வையே கிடையாது," என்றாள் ஜெனோவா.

"சர்வீஸ்னு ஒண்ணு இருக்குல்லம்மா," என்றார். ஆனால், வேலை போய் ஆவடியில் போய் இறங்கினால் மச்சினன் எப்படிச் சிரிப்பான் என்று நினைத்து மூன்று நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று ஆயுதபூஜை. அலுவலக வழக்கம் எதையும் எழுதிகள் விட்டதில்லை. பதினொரு எழுதிகள் ஓசையின்றி வரிசையாக வந்தன. முதலாவதின் கையில் சந்தனக் கிண்ணம். ரேகைமானிக்குப் பொட்டு வைத்தது. கதவுக்கு வைத்தது. ஸ்டேப்ளருக்கு வைத்தது. ஜெனோவாவைத் தாண்டி வந்து, தெய்வசிகாமணியின் நெற்றியில் சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் இட்டது. கட்டைவிரலுக்கும் ஒன்று.

"நிரந்தரம்," என்றது.

முப்பது வருடம் அவர் காத்திருந்த சொல். கண் கலங்கக் கைகூப்பப் போனார். நாற்காலியின் கைப்பிடியிலிருந்து வளையங்கள் எழுந்து மணிக்கட்டுகளைப் பூட்டிக்கொண்டன. பூஜையன்று கருவிகளுக்கு ஓய்வு அல்லவா. எழுதிகள் ஒரு வெள்ளைத் துணியை ரேகைமானிக்குப் போர்த்தின. இன்னொன்றை அவருக்குத் தலையோடு போர்த்திவிட்டு, வந்த வரிசையிலேயே திரும்பிப் போயின.

ஜெனோவா பையைத் தோளில் மாட்டினாள். அவள் போகிற இடத்தில் மழைக்காலம். மூச்சுவிட மனுப்போட வேண்டியதில்லை. துணியருகே குனிந்தாள்.

"சார், ஒரே ஒரு திருகுதான். நான் கழட்டிடறேன். வந்துடுங்க, ரெண்டு பேருமா போயிடலாம்."

துணி மெல்ல உள்ளே போய் வெளியே வந்தது.

"ஜெனோவா," என்று பிறகு உள்ளிருந்து குரல் கேட்டது, "அந்த மானிக்கு வச்ச பொட்டு பெருசா, எனக்கு வச்சது பெருசா?"