அடைச்சாச்சு

இவள் கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிட்டது.

"அடைச்சாச்சு."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது தங்கையின் குரல்தான். அதே கரகரப்பு, கடைசியில் அதே இழுப்பு. ஆனால் முறை அதுவல்ல. இவள் "அடைச்சாச்சா?" என்று முதலில் கேட்க வேண்டும். குரங்குகள் உறங்கும் அறையைக் கழுவி முடித்து, பின்கதவு வழியாக வெளியே வந்து பூட்டிய பிறகுதான் தங்கை "அடைச்சாச்சு" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு இவள் இரும்புக் கைப்பிடியை இழுத்து ஷட்டரைத் தூக்கினால், வெளியே மழையில் நனையும் மனிதக்குரங்குகள் உள்ளே வரும். இந்த வரிசை மாறினால் உள்ளே இருக்கிற ஆளை முழுசாகப் பார்க்க முடியாது.

சாயங்கால மழை தகரக் கூரையை உடைத்துவிடுவதுபோலக் கொட்டிக்கொண்டிருந்தது. மின்சாரம் போய், நடைபாதை முழுக்க ஈர வைக்கோலும் பினாயிலும் பழத்தோலும் கலந்த வாடை அடித்தது. கைப்பிடியில் வைத்த கையை எடுத்துக்கொண்டு, எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள்.

பின்கதவு திறந்தே கிடந்தது. தங்கை பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, அறைக்குள் குனிந்து தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அடைச்சாச்சுன்னு சொன்னியா?"

"நானா? இன்னும் பாதித் தரை கெடக்கு. உனக்குக் காதுதான் அடைச்சிருச்சு." தங்கை சிரித்தாள். "நீ போ, முடிச்சுட்டுக் குரல் குடுக்கறேன். எம் பாப்பாவ வேற ட்யூஷன்லேர்ந்து கூப்பிடப் போகணும்."

இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிப்பு, அழுகை, பயம் எல்லாம் மரத்துப்போய் வெகுகாலமாகிவிட்டது.

அந்த மரத்துப்போதல் இவள் முன்பு வேலை பார்த்த மிருகக்காட்சிசாலை கொடுத்தது. அங்கே மூன்று பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் சுவர், நடுவில் வெறும் சிமென்ட் தரை. பெரியம்மா என்று வேலையாட்கள் கூப்பிட்ட கிழட்டுப் பெண் குரங்கு நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடும். வந்தவர்கள் கண்ணாடியைத் தட்டித் தட்டி, டான்ஸ் ஆடுது பார் என்பார்கள். கதவு வேலைக்கு இரண்டாவது ஆள் கேட்டுக் கேட்டு இவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் கேள்வியும் இவளே, பதிலும் இவளே. "அடைச்சாச்சா? அடைச்சாச்சு." வருஷக்கணக்கில் பெரியம்மாவிடம் யாரும் பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

அந்த இடத்தை மூடியபோது பெரியம்மாவை இந்த மீட்பு மையத்துக்குக் கொண்டுவந்தார்கள். கூடவே இவளும் வந்தாள். இங்கே மரம் உண்டு, கயிறு உண்டு, ஒளிந்துகொள்ள மூலைகள் உண்டு. "பார்த்துக்கிட்டே இருக்கறதும் ஒரு சித்திரவதைதாம்மா," என்றார் மையத்தின் டாக்டரம்மா. அதனால் கண்ணாடியே கிடையாது. கெட்டிச் சுவரில் உள்ளங்கை அகலத்தில் மூடி போட்ட ஒரு துளை, அதுவும் அவசரத்துக்கு மட்டும். கதவுக்குக் கட்டாயம் இரண்டு ஆள். அப்படித்தான் தங்கைக்கு இவளே சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தாள்.

இங்கிருந்த மற்ற குரங்குகள் மரமேறின. பெரியம்மா மட்டும் ஷட்டருக்கு வெளியே, இரும்பில் காதை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தது. ஆடுவதை நிறுத்திவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

பின்கதவில் நிற்கும்போதுதான் இவளுக்கு உறைத்தது. அக்கா தங்கை இரண்டு பேருக்கும் ஒரே குரல். போனில் அம்மாவே மாற்றிக் கூப்பிடுவாள். சற்று முன் கேட்டது தங்கையின் குரலே இல்லை. இவளுடையது.

"இங்க பாரு," என்றாள் தங்கையிடம். "இன்னிக்கு அடைச்சாச்சுன்னு சொல்லாத. 'வீட்டுக்குப் போலாம்'னு சொல்லு. அதக் கேட்டாத்தான் இழுப்பேன்."

"என்னக்கா புதுசா?"

"சொன்னதச் செய்."

"சரி சரி. வீட்டுக்குப் போலாம். போதுமா?"

இரண்டு பேரும் பேசியதெல்லாம் அறையின் எதிர்ப்பக்கம் இருந்த ஷட்டருக்கு அப்பாலும் கேட்கும். அது இவளுக்குத் தோன்றவே இல்லை.

திரும்ப வந்து கைப்பிடியைப் பிடித்தாள். வெளியே குரங்குகளின் கூச்சல் சட்டென்று நின்றது. மழை மட்டும்.

"அடைச்சாச்சா?"

"அடைச்சாச்சு."

இழுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். உள்ளே துடைப்பத்தின் சத்தம் கேட்கிறதா என்று கவனித்தாள். மழையில் ஒன்றும் பிடிபடவில்லை.

"வீட்டுக்குப் போலாம்."

அப்பாடா என்றிருந்தது. கை தானாக இழுத்தது. ஷட்டர் கிரீச்சிட்டு ஏறியது.

ஈரக் காலடிகள். ஒன்று. பிறகு பல. வாளி உருண்டது.

"அக்கா?"

அது தங்கை. அதில் சந்தேகமே இல்லை.

பின்கதவு சாத்தும் சத்தம். உள்ளேயிருந்து.

அலற வேண்டும். ஓட வேண்டும். துளையின் மூடியை மட்டும் தள்ளினாள்.

ஷட்டர் வழியே வந்த மங்கல் வெளிச்சம். வைக்கோலில் குரங்குகள் வட்டமாக உட்கார்ந்திருந்தன. சத்தமே இல்லை. நடுவில் தங்கை. ஒரு கீறல்கூட இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள்.

பின்னால் பெரியம்மா. அதன் பெரிய கறுத்த கை தங்கையின் வாயை மூடியிருந்தது. மெதுவாக, குழந்தையைப் பிடிப்பதுபோல.

"வெளிய வாடி," என்றாள் இவள். குரலுக்குப் பதில் காற்றுதான் வந்தது.

பெரியம்மா துளையை நிமிர்ந்து பார்த்தது. அதன் உதடுகள் பிரிந்தன.

"ஒண்ணும் இல்லக்கா," என்றது தங்கையின் குரல். "நீ போ."