பல் போன குழி

கருகிய பிணத்துக்கு மேல்வரிசையில் ஒரு முன்பல் இல்லை!

"உங்க புருஷன்தான்" என்றார் இன்ஸ்பெக்டர். "எரிஞ்சு கிடந்தது அவர் கார்ல. அவருக்கு இல்லாத அதே பல்."

"இது அவர் இல்ல சார்."

"டிரைவரையும் காணோம். நீங்களும் அவனும் சேர்ந்துதானே புருஷனை எரிச்சீங்க?"

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"வாயை அளந்து பேசுங்க! அவருக்குப் பல் பிடுங்கின டாக்டரைக் கூப்பிடுங்க. அப்புறம் விலங்கு மாட்டுங்க!"

பல் டாக்டரம்மா பிணவறைக்கு வந்தார். டார்ச் அடித்துக் குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"இது என் பேஷண்ட் இல்ல!"

"எப்படிச் சொல்றீங்க?"

"பல்லைப் பிடுங்கிட்டுச் சும்மா விட்டா எலும்பு கரைஞ்சு, ஈறு உள்வாங்கிடும். அப்புறம் எலும்புல ஸ்க்ரூ போட்டு வைக்கிற செயற்கைப் பல், அதான் இம்ப்ளாண்ட், நிக்காது. அதனால அன்னிக்கே குழிக்குள்ள எலும்புத்தூளை அடைச்சு, மூடித் தையல் போட்டேன். மாசக்கணக்காச்சு. இந்நேரம் கெட்டியா இருக்கணும். இங்க பாருங்க... வெறும் குழி! புதுசாப் பிடுங்கினது!"

அப்படியென்றால்... செத்தது டிரைவர்!

பாவம், அந்த மனுஷன் எறும்பைக்கூட மிதிக்கமாட்டான்.

இன்ஸ்பெக்டர் விடவில்லை.

"ஓஹோ! டிரைவரைக் கொன்னுட்டு, புருஷனும் பொண்டாட்டியும் ஆடற நாடகமா? பல் போனது உங்களுக்கும் தெரியுமே?"

"நல்லாத் தெரியும்! பக்கத்துல உட்கார்ந்து டாக்டரம்மா சொன்னதை ஒண்ணுவிடாம கேட்டது நான்தான். அவர் பயத்துல கண்ணையும் காதையும் பொத்திக்கிட்டுக் கிடந்தார். இந்தக் கொலையில நானும் கூட்டுன்னா வெறும் குழியோட விட்டிருப்பேனா?"

இன்ஸ்பெக்டர் விலங்கை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அப்போது டாக்டரம்மாவின் செல்போன் அலறியது!

கேட்கக் கேட்க அவர் கண்கள் விரிந்தன. போனைக் கையால் பொத்தினார்.

"வேற ஊர் பல் டாக்டர்... ஒருத்தர் இம்ப்ளாண்ட் வைக்க வந்திருக்காராம். எக்ஸ்ரேல தூளைப் பார்த்துட்டு, 'இதை அடைச்சது யாரு? தெரியாம ஸ்க்ரூ போட மாட்டேன்'னு கேட்டிருக்கார். அந்த ஆள் என் பேரை உளறிட்டார்! படம் வந்திருக்கு. நான் போட்ட அதே வேலை!"

"ஆள் எங்க?" இன்ஸ்பெக்டர் கத்தினார்.

"நாற்காலியில... வாயைத் திறந்துகிட்டு!"

"பேச்சுக் கொடுத்து உட்கார வைக்கச் சொல்லுங்க!" இன்ஸ்பெக்டர் ஜீப்புக்கு ஓடினார்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"பேச்சு எதுக்கு டாக்டரம்மா? ஸ்க்ரூவைத் தாராளமா முறுக்கச் சொல்லுங்க... மரத்துப்போற ஊசி மட்டும் அந்த ஆளுக்கு வேணாம்!"