வரிசையின் கடைசி ஆள்

வண்டி அத்திமர முகாமுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. லுவாங்குவா ஆறு வற்றிப்போய், அகன்ற மணல்வெளியின் நடுவே பழுப்புக் கோடாக ஓடிக்கொண்டிருந்தது. நீர்யானைகள் சேற்றுக் குழியில் ஒன்றோடொன்று முதுகை உரசியபடி கிடந்தன. மழைக்கு முந்தைய அக்டோபர். மழைக்காலத்துக்கு முகாமை மூடுவதற்காக ஆட்கள் புல் கூரைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

தவோங்கா வண்டியிலிருந்து இறங்கி, இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். இன்று அவளுக்கு நடைத் தேர்வு. தேறினால் விருந்தினர்களைக் காட்டுக்குள் நடத்திச் செல்லும் வழிகாட்டி ஆகிவிடலாம். தேறாவிட்டால் பழையபடி விருந்தினர்களின் துணியைத் துவைக்கப் போக வேண்டும். போன வருடம் ஒரு முறை தோற்றிருந்தாள். மூன்றாவது வாய்ப்பு யாருக்கும் தருவதில்லை.

தேர்வாளர் கலலூக்கா தொப்பியால் விசிறிக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தார். மலை மாதிரி ஆள். அந்தப் பள்ளத்தாக்கில் அவருக்குத் தெரியாத காலடித் தடம் கிடையாது. அவர் நாக்குக்குத் தப்பிய மனிதரும் கிடையாது.

"ஏம்மா, புக்கு மானைப் பார்த்து இம்பாலான்னு சொன்னவதானே நீ?"

"அது வேற ஆளுங்க ஐயா."

"எல்லாம் ஒரே கூட்டம்தான். சட்டை மட்டும் நல்லா வெளுத்திருக்க. கைப்பழக்கம் போகாதுல்ல?"

பேசா என்ற துப்பாக்கிக் காவலர் அவளைத் தனியே அழைத்துக் காதோரம் சொன்னார். "மனசுல வச்சுக்காத தங்கச்சி. சிங்கம் வந்தா முதல்ல அவரைத்தான் பார்க்கும். சதையெல்லாம் அங்கதானே இருக்கு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை அன்றைக்குப் பிறகு அவளால் மறக்கவே முடியவில்லை.

காட்டுக்குள் நடப்பதற்கு ஒரு முறை உண்டு. முன்னால் துப்பாக்கி. அடுத்து வழிகாட்டி. அவர் பின்னால் விருந்தினர்கள் ஒருவர் பின் ஒருவராக. கடைசியில் டீக் கூடை சுமப்பவர். நடக்கும்போது யாரும் பேசக் கூடாது. கடைசி ஆள் பின்பக்கம் எதையாவது கண்டால், முன்னால் போகிறவரின் தோளைத் தட்ட வேண்டும். அவர் தனக்கு முன்னால் போகிறவரைத் தட்டுவார். தட்டு வரிசையின் முன்னுக்கு வந்ததும் எல்லோரும் நின்று, நெருங்கி, ஒன்றாகத் திரும்பிப் பார்க்க வேண்டும். கூடி நிற்கும் மனிதர்கள் மேல் சிங்கம் பாயத் தயங்கும். விலகி நடக்கும் கடைசி ஆளைத்தான் அது தேடும். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லித்தரும் பாடம் இது.

அன்று டீக் கூடை சுமக்க யாரும் வரவில்லை.

சமையல்காரர் யொத்தாமு பிளாஸ்கையும் கோப்பைகளையும் ஒரு துணிப்பையில் போட்டு அவளிடமே கொடுத்தார். நான்கு எனாமல் கோப்பைகள்.

"நாங்க மூணு பேர்தானே அண்ணே?"

யொத்தாமு கலலூக்கா இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எந்தம்பி ஜெய்லோஸ் இந்தப் பாதையிலதான் கூடை தூக்கினான். திக்குவாய்ப் பையன். பயம் வந்தா ஒரு எழுத்துகூட வெளிய வராது. அதனால தட்டுவான். ரெண்டே விரலால. தூங்குற குழந்தையை எழுப்புற மாதிரி. அன்னிக்கு அவனுக்கு முன்னால போனவர் இவர்தான்."

"அப்புறம்?"

"தட்டியிருக்கான். இவர் முன்னால அனுப்பல. 'அவன் எப்பவும் தட்டிக்கிட்டேதான் இருப்பான், பயந்தாங்கொள்ளி'ன்னு அப்புறமா சிரிச்சுக்கிட்டே சொன்னார். கூடைதான் கிடைச்சுது. அடக்கம் பண்ண வேற ஒண்ணும் கிடைக்கல."

அவர் நான்காவது கோப்பையைத் துண்டால் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

"அத்திமரத்தடியில டீ ஊத்தறப்ப அவனுக்கும் ஒண்ணு ஊத்தும்மா. அப்புறம், தோள்ல தட்டினா நில்லு. உயிரோட இருந்தப்ப யாரும் நிக்கல. கர்த்தர் உன்னைப் பார்த்துப்பார்."

அவள் சரி என்று தலையசைத்தாள். அது பெரிய காரியமாக அவளுக்குத் தோன்றவில்லை.

பேசா முன்னால், அவள் நடுவில், கலலூக்கா கடைசியில். மோப்பனி மரங்கள் இலையுதிர்ந்து நின்றன. தரை சூட்டில் வெடித்துக் கிடந்தது. அவள் நன்றாகவே செய்தாள். யானை உரித்த பட்டையைத் தொட்டுப் பார்த்து, நேற்றைய வேலை என்றாள். எருமைக் கூட்டம் ஆற்றுக்கு இறங்கிய தடத்தைக் காட்டினாள். எருமையின் மேல் உட்காரும் உண்ணிப் பறவை கத்தியதும் நின்று, விலகி, சுற்றிப் போனாள். சாம்பல் பையை உதறிக் காற்றின் திசையைப் பார்த்தாள். சாம்பல் அவள் தோளைத் தாண்டிப் பின்னால் போயிற்று.

பின்னால் எது வந்தாலும், அவர்கள் வாசம் அதற்குத் தெரியும். அதன் வாசம் அவர்களுக்குத் தெரியாது.

அத்திமரத்தடியில் டீ ஊற்றினாள். இரண்டைக் கொடுத்து, ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டு, நான்காவதை வேரின் மேல் வைத்தாள்.

"இது யாருக்கு?" என்றார் கலலூக்கா.

அவள் பிளாஸ்கை மூடினாள்.

"ஜெ… ஜெ… ஜெய்லோசுக்கா?" அவர் கண்ணைச் சொருகி, உதட்டைக் கோணி, நடித்துக் காட்டினார். "யொத்தாமு சொல்லி விட்டானா? நல்ல வழிகாட்டிம்மா நீ! செத்தவனுக்கு டீ, சிங்கத்துக்கு பிஸ்கட்டா?"

பூட்ஸ் முனையால் கோப்பையைத் தள்ளினார். டீ மணலில் சரிந்தது. கோப்பை உருண்டு போய் வேரிடுக்கில் விழுந்தது.

அக்டோபர் மணல் குடத்துத் தண்ணீரையும் ஒரு நொடியில் குடித்துவிடும். அந்த ஈரம் மட்டும் அவர்கள் புறப்படும் வரை காயவில்லை.

குனிந்து கோப்பையை எடுத்து இன்னொரு முறை ஊற்ற எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பையைக் கட்டினாள். கோப்பை அங்கேயே கிடந்தது.

திரும்பும் பாதை வறண்ட ஓடையை ஒட்டிய புதருக்குள் போயிற்று. இருபுறமும் ஆள் உயரப் புல். உச்சி வெயிலில் நிழலே இல்லை. புறாக்கள் மட்டும் விடாமல் கூவிக்கொண்டிருந்தன.

அவள் தோளில் யாரோ தட்டினார்கள்.

மெதுவாக. இரண்டு விரல்.

அவள் பேசாவைத் தட்டி நிறுத்திவிட்டுத் திரும்பினாள். கலலூக்கா வெகு பின்னால் வந்துகொண்டிருந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு நின்ன?"

"தட்டினீங்களே ஐயா."

"நானா? எங்கேயிருந்து தட்டுவேன்? என் கை என்ன யானைத் தும்பிக்கையா?"

சொல்லிவிட்டு அவரே தன் தோளைத் தடவிக்கொண்டார். ஏதோ ஈ உட்கார்ந்ததைத் தட்டிவிடுவதுபோல. பின்னால் திரும்பிப் பார்த்தார். பாதை வெறுமையாகக் கிடந்தது. அவர் முகத்தில் ஏதோ ஓடி மறைந்தது. அதை மறைக்கத்தான் அவ்வளவு கத்தினார் என்று பேசா பிற்பாடு சொன்னார்.

"கேட்டுக்கோ. முகாம் போற வரைக்கும் எதுக்கும் நிக்கக் கூடாது. யார் தட்டினாலும் சரி. நானே தட்டினாலும் சரி. நின்னா, நேரா துணி துவைக்கப் போயிடு. புரியுதா?"

"புரியுதுங்க ஐயா."

நடந்தார்கள்.

புறாக்கள் கூவுவதை நிறுத்தின.

காற்று திசை மாறி, இப்போதும் எதிரேயிருந்துதான் வந்தது. ஆனாலும் முதுகுப் பக்கமிருந்து ஒரு வாசம் வந்தது. ஊறிய டீத்தூள். விறகுப் புகை. கூடவே பிரம்புக் கூடை கிரீச்சிடும் சத்தம். கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம்.

மறுபடி அந்த இரண்டு விரல். அவள் நிற்கவில்லை.

மறுபடி. அவள் நிற்கவில்லை. கண்ணீர் வழிந்தது. 'தம்பி, என்னை மன்னிச்சிடு' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

பிறகு அவள் தோளில் ஒரு கை விழுந்தது.

விரல் அல்ல. முழு உள்ளங்கை. வேர்வையில் நனைந்த, கனத்த, சூடான கை. அது அவள் சட்டையைப் பிடிக்கப் பார்த்து வழுக்கியது.

"நி… நி… நி…"

திக்குகிற குரல். யொத்தாமுவின் தம்பி திக்குவாய் என்று அவளுக்குத் தெரியும். செத்தவன்தான், திரும்பாதே, நட என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் செத்தவன் இரண்டு விரலால்தான் தட்டுவான். அதுவும் அவளுக்குத் தெரியும். இந்தக் கைக்கு ரத்தச் சூடு இருந்தது என்பதும் அவளுக்குத் தெரியும்.

கண்முன்னே துணித் தொட்டி தெரிந்தது. சோப்பு நுரை. வெடித்த விரல்கள். வாழ்நாள் முழுவதும் பிறத்தியார் சட்டைகள்.

"நி… நி…"

"வேகமா நடங்க அண்ணே," என்றாள் பேசாவிடம்.

பேசா எட்டிப்போட்டு நடந்தார். அவள் எட்டிப்போட்டு நடந்தாள். தோளிலிருந்து கை விலகியது. பின்னாலிருந்து சோள மூட்டையை யாரோ கீழே இறக்கி வைத்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. புல் சரசரத்தது. எதையோ இழுத்துக்கொண்டு போகிற சரசரப்பு. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது.

புறாக்கள் மறுபடி கூவத் தொடங்கின.

முகாமில் யொத்தாமு சோளக்களி கிண்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் மட்டும் வருவதைப் பார்த்துக் கரண்டியை நிறுத்தினார்.

"அவர் எங்கம்மா?"

அப்போதுதான் பேசா திரும்பிப் பார்த்தார். அவர் பார்வை அவள் தோளில் போய் நின்றது. வெளுத்த காக்கித் துணியில் சிவந்த புழுதியும் வேர்வையுமாக ஐந்து விரல் பதிந்திருந்தது.

ஆட்களோடு போய்த் தேடினார்கள். பாதையில் பெண் சிங்கத்தின் தடம் இருந்தது. ஒரு காலை இழுத்து நடக்கும் கிழட்டுச் சிங்கம். அது அவர்கள் பின்னாலேயே வெகுதூரம் வந்திருந்தது. வரிசை நின்றிருந்தால் அதுவும் நின்றிருக்கும். கலலூக்காவின் தொப்பி மட்டும் கிடைத்தது. தொப்பிக்குப் பக்கத்தில், அத்திமர வேரிடுக்கில் விட்டு வந்த எனாமல் கோப்பை நிமிர்ந்து நின்றது. அதில் டீ இருந்தது.

பேசா தொட்டுப் பார்த்துக் கையை உதறிக்கொண்டார். சுட்டது.

யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. "நிக்காதேன்னு அவரேதானே சொன்னார்," என்றார் பேசா, கேட்டவர்களிடமெல்லாம். யொத்தாமு மட்டும் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தனை விரல்மா?"

அவள் தோளைக் கையால் மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர் அவளோடு பேசவேயில்லை.

மழை முடிந்ததும், பாதியில் நின்ற தேர்வை நடத்த வேறொரு தேர்வாளர் வந்தார். அவள் தேறினாள். மனிதருக்குக் கிடைத்தால் நல்லது என்று நாம் வேண்டிக்கொள்கிற எதையும் கடவுள் அவளுக்கு மறுக்கவில்லை. வேலை கிடைத்தது. கைவெடிப்பு ஆறியது.

இந்தப் பருவத்தில் டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை அவள் அத்திமரப் பாதையில் நடத்திச் சென்றாள். பேசா முன்னால். அவள் அடுத்து. பின்னால் அப்பா, அம்மா, மகள். கடைசியில் அந்த அம்மாவின் அக்கா, இங்கரித் என்ற வயதான பெண்மணி. இப்போதும் அந்தப் பாதையில் கூடை சுமக்க ஆள் கிடைப்பதில்லை.

ஓடைப் புதருக்குள் புறாக்கள் சட்டென்று அடங்கின.

அவள் தோளில் தட்டு விழுந்தது. இந்த முறை அவள் உடனே நின்றாள். எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொல்லிக் கைகாட்டினாள். பாதையில் எதுவும் இல்லை.

"யார் தட்டினது?" என்று கிசுகிசுத்தாள்.

அப்பா அம்மாவைக் காட்டினார். அம்மா மகளைக் காட்டினாள். மகள் பெரியம்மாவைக் காட்டினாள்.

"எனக்குப் பின்னால வந்தவர் தட்டினாரும்மா," என்றாள் இங்கரித். "பெரிய உடம்புக்காரர். பாவம், பேச்சே வரல. நி… நி…ன்னு திக்கிக்கிட்டே இருந்தார். அவருக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ."

பேசாவின் கை துப்பாக்கியில் இறுகியது.

"அவருக்குப் பின்னால கூடைக்காரர் ஒருத்தரும் வந்தாரே," என்றாள் இங்கரித், வெற்றுப் பாதையைப் பார்த்தபடி. "அவர் அந்தப் பெரிய மனுஷனோட தோளைத் தட்டிக்கிட்டே வர்றார். ரெண்டே விரலால. ரொம்ப மெதுவா. நிறுத்தவே மாட்டேங்கறார்."

தவோங்கா பாதையைப் பார்த்தாள். அங்கிருந்து ஊறிய டீத்தூள் வாசம் வந்தது. விருந்தினர்கள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களை இங்கிருந்து கூட்டிப்போக வேண்டும். நடங்க என்ற ஒரு சொல் போதும்.

அவள் வாயைத் திறந்தாள்.

"ந… ந… ந…"

அவள் தோளில், பின்னால் யாரும் இல்லாத பக்கத்திலிருந்து, இரண்டு விரல் மெதுவாகத் தட்டியது.