நெட்டைப் பிடுங்கிய சில்வண்டு

அந்த வீட்டில் வாய் ஓயாத ஆள் ஒருத்திதான். ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். பல் தேய்க்கும்போதும் பேசுவாள், தூக்கத்திலும் பேசுவாள். அதனால் எல்லோரும் அவளைச் சில்வண்டு என்றே கூப்பிட்டார்கள்.

அந்தச் சில்வண்டே வாயடைத்துப் போகும்படி ஒரு சனிக்கிழமை காலையில் ஒன்று நடந்தது.

குளித்துவிட்டு வந்த அம்மா, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் டேப்லெட்டைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"வண்டு, இதுல இருந்த வீடியோ எல்லாம் எங்கடி?"

"நான்தாம்மா அழிச்சேன்!" சில்வண்டு பெருமையாகச் சொன்னாள். "இடமே இல்லைன்னு நேத்து புலம்பினியே? நீ குளிச்சு முடிக்கிறதுக்குள்ள மொத்தமா சுத்தம் பண்ணிட்டேன். அப்பவும் இடம் பத்தலை. குப்பைத் தொட்டின்னு ஒண்ணு இருந்துச்சா, அதையும் காலி பண்ணிட்டேன்."

அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

அம்மாவின் வேலை, சின்னப் பிள்ளைகளுக்குப் பேசச் சொல்லிக்கொடுப்பது. காது சரியாகக் கேட்காத பிள்ளைகளும் பேச்சு வராத பிள்ளைகளும் அவரது பயிற்சிக்கூடத்துக்கு வருவார்கள். ஒவ்வொரு பிள்ளையும் புதிதாக ஒரு சொல் சொன்னால் அம்மா அதை வீடியோ எடுத்து வைப்பார். அதைப் பார்த்துத்தான் அடுத்த பாடம். அந்த வீடியோக்களை அவர் யாருடைய போனுக்கும் அனுப்ப மாட்டார். பெற்றோர் நேரில் வந்துதான் பார்க்க வேண்டும்.

"இன்னைக்கு பாப்பாவோட அம்மா, அந்த பஸ் ஓட்டுற டிரைவரம்மா வர்றாங்க," என்றார் அம்மா. "பாப்பா முதல் முதலா பேசினப்போ அவங்க டியூட்டியில இருந்தாங்க. இத்தனை நாளா லீவு கிடைக்கலை. அந்த வீடியோவைப் பார்க்கத்தான் இன்னைக்கு வர்றாங்க."

பாப்பா சில்வண்டுக்கும் தெரிந்தவள்தான். காதுக் கருவி மாட்டிக்கொண்டு, பெரிய கண்களால் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கும் மூன்று வயசுக் குட்டி.

"ஆனா... ஆனா மாமாதானே சொன்னாரு, எதை அழிச்சாலும் மேல பத்திரமா இருக்கும்னு?"

மாமா என்றால் அம்மாவின் தம்பி. வீட்டில் கம்ப்யூட்டர் விஷயம் எதுவானாலும் அவரைத்தான் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்.

"அட, இதுக்கா இந்தப் பாடு?" மாமா ரொட்டியை மென்றுகொண்டே வந்தார். "அக்கா, பேக்கப் போட்டது யாரு? நானு! டேப்லெட்ல போனா என்ன, எல்லாம் மேல, கிளவுட்ல இருக்கு." விரலால் கூரையைக் காட்டினார்.

சில்வண்டு கூரையைப் பார்த்தாள். அங்கே ஒரு பல்லிதான் இருந்தது.

மாமா மூடிக் கிடந்த லேப்டாப்பைத் திறந்தார். "பாருங்க, எல்லாம் இருக்கு!"

உண்மைதான். வரிசையாக வீடியோக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தையின் முகம். அம்மா நிம்மதியாக மூச்சு விட்டார்.

அப்போது முதல் முகம் மறைந்தது.

"மாமா, ஒண்ணு போச்சு."

"எங்க போச்சு? சும்மா கண்ணு..." மாமா முடிப்பதற்குள் இன்னொன்று மறைந்தது. பிறகு பத்து, இருபது. யாரோ கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்து துடைப்பது போல வரிசை வரிசையாகக் காணாமல் போயின. மூன்று பேரும் பார்த்துக்கொண்டே இருக்க, திரை வெள்ளையாகிவிட்டது.

மாமாவின் வாயிலிருந்த ரொட்டி அப்படியே நின்றது.

"டேய்!" என்றார் அம்மா.

"இரு, இரு அக்கா! இன்னொண்ணு இருக்கு!" மாமா அலமாரியைக் குடைந்து கறுப்பு ஹார்ட் டிஸ்க் ஒன்றை எடுத்து மாட்டினார். "வாராவாரம் தானா சேமிக்கிற மாதிரி போட்டு வச்சிருக்கேன். பச்சை டிக்கே வருமே!"

திறந்தார். உள்ளே முழுக்க மாமாவின் படங்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட மாமா, மலைமேல் மாமா, பல் தெரியச் சிரிக்கும் மாமா.

"பிள்ளைங்க எங்கடா?"

"அது... நான் என் ஃபோல்டரை மட்டும்தான் டிக் பண்ணிருக்கேன் போல," என்றார் மாமா. அவரது குரல் பல்லியின் குரலைவிடச் சின்னதாகிவிட்டது.

அம்மா முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது சில்வண்டு பார்த்ததே இல்லை. 'நான் உதவி செய்யத்தானே நினைச்சேன்' என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. அதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது? அம்மாவின் தோளைப் பிடித்தபடி காலியான திரையையே பார்த்தாள்.

லேப்டாப்பைத் திறந்தபோது எல்லாமே இருந்தன. திறந்த பிறகுதான் போயின. அது ஏன்?

"மாமா, நான் டேப்லெட்லதானே அழிச்சேன்? லேப்டாப்புக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ரெண்டும் மேல ஒண்ணோட ஒண்ணு சேர்ந்திருக்கு. இங்க சேர்த்தா அங்கயும் சேரும். இங்க அழிச்சா..." மாமா காலித் திரையைக் காட்டினார். "அங்கயும் அழியும்."

"அப்ப அது பேக்கப்பே இல்லையே! கண்ணாடி மாதிரி இல்ல இருக்கு? இங்க கையைத் தூக்கினா அங்கயும் தூக்குது."

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி, அழின்னு அதுக்கு யாரு வந்து சொன்னா?"

"நெட் வழியா சேதி வரும். திறந்ததும் நெட் கிடைச்சுதா, சேதியும் வந்துருச்சு."

"நெட் கிடைக்கலைன்னா?"

"சேதி வராது. வீடியோ அப்படியே இருந்திருக்கும்."

சில்வண்டு துள்ளி எழுந்தாள். "அம்மா! பயிற்சிக்கூடத்துக் கம்ப்யூட்டர்லயும் இதெல்லாம் இருக்கா?"

"இருக்கும். ஆனா நேத்து லீவு. அது ஆஃப்லதான்..." அம்மாவின் கண்கள் விரிந்தன. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஐயோ! வரவேற்புல இருக்கிற பொண்ணு வந்ததும் முதல் வேலையா அதைத்தான் போடுவா!"

அம்மா போன் போட்டார். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். அப்போதும் எடுக்கவில்லை.

அதற்குள் வாசல் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. சில்வண்டு தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு காலில் அவளுடைய செருப்பு, இன்னொரு காலில் மாமாவுடையது. சலவைக்கடையைத் தாண்டும்போது மாமாவின் செருப்பு கழன்று விழுந்தது. எடுக்க நிற்கவில்லை. மருந்துக்கடைக்குப் பக்கத்துப் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி மாடியிலிருக்கும் பயிற்சிக்கூடத்துக்கு ஏறினாள்.

வரவேற்பு அக்கா அப்போதுதான் பையை மேசைமேல் வைத்திருந்தார். பைக்குள்ளே போன் அடித்துக்கொண்டே கிடந்தது. அவருடைய விரலோ கம்ப்யூட்டர் பொத்தானை அழுத்திவிட்டது.

"அடடே, வண்டு! என்ன இந்த..."

சில்வண்டுக்கு மூச்சு வாங்கியது. பேச்சு வரவில்லை. பேசிப் புரியவைக்க நேரமும் இல்லை. மேசைக்கு அடியில் பாய்ந்தாள். அங்கே ஒரே வயர்க் காடு. ஒன்றைப் பிடுங்கினாள். மின்விசிறி நின்றது. இன்னொன்றைப் பிடுங்கினாள். மீன்தொட்டியில் குமிழி நின்றது.

"ஏய்! ஏய்! உனக்கு என்னடி ஆச்சு?" அக்கா அலறினார்.

சுவரோரம் ஒரு சின்னப் பெட்டி பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. நெட் பெட்டி! அதன் வயரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். விளக்குகள் அணைந்தன.

நல்ல வேளையாக அந்தக் கம்ப்யூட்டர் சரியான சோம்பேறி. எழுந்து கண் திறக்க அதற்கு எப்போதும் நேரம் பிடிக்கும். அம்மாவும் மாமாவும் இரைக்க இரைக்கப் படியேறி வந்தபோதுதான் திரையில் முதல் படமே தெரிந்தது.

"நெட்டு... பிடுங்கிட்டேன்," என்றாள் சில்வண்டு தரையில் உட்கார்ந்தபடி.

அம்மா ஃபோல்டரைத் திறந்தார். முகங்கள் வந்தன. வரிசையாக, ஒன்றுவிடாமல், எல்லா முகங்களும். ஒரு நிமிடம் காத்திருந்தார்கள். ஒன்றுகூட மறையவில்லை.

அம்மா குனிந்து சில்வண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

நடந்ததைக் கேட்ட வரவேற்பு அக்கா, "நான் போட்ட பொத்தான்லயா இவ்வளவும் இருந்துச்சு?" என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

மாமா சட்டைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்து வீடியோக்களை அதில் ஏற்றினார். "முடிஞ்சுது! இனி கவலையே இல்லை," என்று சொல்லி உருவினார்.

"மறுபடி சொருகி ஓட்டிக் காட்டு மாமா," என்றாள் சில்வண்டு. "இருக்குன்னு நீ சொன்னா இனிமே நான் நம்ப மாட்டேன்."

மாமா சிரித்துக்கொண்டே சொருகினார். முதல் வீடியோ ஓடியது. அடுத்ததும் ஓடியது. பாப்பாவின் வீடியோவைத் தொட்டபோது திரை கறுப்பாகவே நின்றது. எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

"முழுசா ஏறி முடியிறதுக்குள்ள உருவிட்டேன் போல," என்று முணுமுணுத்தார் மாமா.

இந்த முறை அம்மாவே ஏற்றினார். பொறுமையாக, ஒன்றுக்கு இரண்டு பென் டிரைவில். ஒன்று இங்கே அலமாரிக்கு, ஒன்று வீட்டுக்கு. சில்வண்டு ஒவ்வொரு வீடியோவையும் ஓட்டிப் பார்த்துத் தலையாட்டினாள்.

கடைசி வீடியோ ஓடி முடியவும் டிரைவரம்மா வரவும் சரியாக இருந்தது. சீருடையிலேயே வந்திருந்தார். இடுப்பில் பாப்பா.

"ஆன்ட்டி, உங்க வீடியோவை நான் தெரியாம அழிச்சுட்டேன். ஆனா திரும்பக் கிடைச்சிருச்சு," என்று சில்வண்டு ஒரே மூச்சில் சொன்னாள்.

டிரைவரம்மா திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா உடனே வீடியோவைத் தட்டினார்.

திரையில் பாப்பா ஜன்னலோரம் நின்றிருந்தாள். கீழே சாலையில் ஏதோ உறுமும் சத்தம். பாப்பாவின் விரல் நீண்டது. உதடுகள் ஒட்டின, பிரிந்தன.

"பஸ்!"

டிரைவரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. "அம்மான்னு சொல்லுவான்னு நினைச்சேன். பஸ்ஸுன்னு சொல்லியிருக்கா கழுதை!"

"அந்த பஸ்ஸை ஓட்டுறது யாருன்னு அவளுக்குத் தெரியாதா என்ன?" என்றார் அம்மா.

டிரைவரம்மா இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு இன்னொரு முறை. மாமாவுக்குச் சும்மா நிற்க முடியவில்லை. ஏதாவது உதவி செய்யலாம் என்று நெட் பெட்டியின் வயரை எடுத்துச் சுவரில் சொருகப் போனார்.

"தொடாதே!" அம்மாவும் சில்வண்டும் வரவேற்பு அக்காவும் ஒரே குரலில் கத்தினார்கள்.

மாமா சிலையாக நின்றார். அப்போது, டிரைவரம்மாவின் இடுப்பிலிருந்த பாப்பா மாமாவை நோக்கி விரலை நீட்டி, யாரும் சொல்லிக்கொடுக்காமலே கறாராகச் சொன்னாள்:

"தொதாதே!"